சுருக்கினால் விவரம் போதவில்லை, விவரித்தால் யாரும் படிப்பதில்லை

கேள்வி: ஆறு வருடங்களாகக் கணக்குத் துறையில் இருக்கிறேன். பேரேடு, பேங்க் ரீகன்சிலியேஷன், மாதக் கணக்கு முடிப்பது எல்லாம் எனக்குக் கைவந்த வேலை. பதவி உயர்வுக்குப் பிறகு மாதாந்திர அறிக்கை, வாடிக்கையாளர்களுக்குக் கடிதம், உள்தணிக்கைக் குறிப்பு என்று எழுத்து வேலை கூடிவிட்டது. முதல் அறிக்கையை நாலு பக்கத்துக்கு எழுதினேன். "இவ்வளவு நீளமாக யார் படிப்பார்கள், சுருக்குங்கள்" என்றார் மேலாளர். அடுத்ததை அரைப் பக்கத்தில் முடித்தேன். "விவரமே இல்லையே" என்று திருப்பி அனுப்பினார். எனக்கு ஆங்கிலம் சுமார்தான். அதுதான் குறையா? வகுப்பில் சேரலாமா? செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து எழுத வைக்கலாமா? கடிதத்தின் அடியில் "ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு" என்று எழுதலாமா? நான் எழுதிய ஒரு பத்தியை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் மேலாளர் மாற்றி மாற்றிப் பேசுகிறார் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நீங்கள் அனுப்பிய பத்தியைப் படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு பக்கத்திலும் அரைப் பக்கத்திலும் அவர் தேடியது ஒரே விஷயம்தான். இரண்டிலும் அது அவர் கண்ணில் படவில்லை.

உங்கள் பத்தி இப்படித் தொடங்குகிறது: "ஜூன் மாத மொத்த லாபத்தைப் பகுப்பாய்வு செய்யும் பொருட்டு, விற்பனைப் பதிவேடு பேரேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. அதன்பின் கொள்முதல் இன்வாய்ஸ்கள் பரிசீலிக்கப்பட்டு, இறுதிச் சரக்கிருப்பு மறுமதிப்பீடு செய்யப்பட்டு..." இப்படியே போய், ஏழாவது வரியில்தான் "மொத்த லாபம் 3% குறைந்துள்ளது" என்று வருகிறது. இதில் மொழிப் பிழை எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் எந்த வரிசையில் வேலை செய்தீர்களோ அதே வரிசையில் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு வேலை ஆவணத்தில் தொடங்கி, சரிபார்ப்பு, திருத்தம் என்று நகர்ந்து கடைசியில் விடைக்கு வரும். படிப்பவருக்கு அந்த விடைதான் முதலில் வேண்டும். அது ஏன் அப்படி ஆனது, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பது அடுத்து. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது, சந்தேகம் வந்தால் மட்டும் புரட்டிப் பார்க்கிற கடைசிப் பக்கம். நீங்கள் சுருக்கியபோது நடந்தது என்ன? வேலைப்பட்டியலைச் சுருக்கினீர்கள். காரணமும் விளைவும் முன்பும் இல்லை, பிறகும் இல்லை. "விவரமே இல்லையே" என்று அவர் சொன்னது அதைத்தான்.

உங்கள் எண்களையே வைத்து எழுதிப் பார்க்கலாம். இலக்கு விற்பனை 500 லட்சம், மொத்த லாபம் (விற்பனையில் சரக்குச் செலவு போக மிஞ்சுவது) 32%, அதாவது 160 லட்சம். நடந்தது 520 லட்சம் விற்பனை, 29%, அதாவது 150.8 லட்சம். நான் எழுதினால் இப்படி வரும்:

"ஜூன் விற்பனை இலக்கைவிட 20 லட்சம் கூடியும், மொத்த லாபம் 9.2 லட்சம் குறைந்திருக்கிறது. கூடுதல் விற்பனையால் 6.4 லட்சம் வந்திருக்க வேண்டும். மூலப்பொருள் விலையேற்றத்தில் 11 லட்சமும், அவசரமாகச் சரக்கு வரவழைத்த வண்டி வாடகையில் 4.6 லட்சமும் போய்விட்டன. வண்டி வாடகை ஒருமுறைச் செலவு. மூலப்பொருள் விலை அடுத்த காலாண்டிலும் இறங்காது என்று சப்ளையர் எழுத்தில் தெரிவித்திருக்கிறார். ஆகஸ்ட் ஆர்டர்களுக்கு விற்பனை விலையை மாற்றுவதா என்பதை ஜூலை 15க்குள் முடிவு செய்ய வேண்டும். மூன்று விலைகளுக்கான கணக்கீடு இணைப்பில் உள்ளது."

ஏழே வாக்கியங்கள். என்ன ஆனது, ஏன், இது தொடருமா, எப்போதைக்குள் என்ன முடிவு செய்ய வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. 6.4ஐக் கூட்டி, 11உம் 4.6உம் சேர்ந்த 15.6ஐக் கழித்தால் 9.2 குறைவு என்று படிப்பவரே மனதுக்குள் சரிபார்த்துக்கொள்ளலாம். கணக்காளர் எழுத்துக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் படிப்பவர் நம்புவார். ஒரு இடத்தில் இடித்தாலும் மீதி அறிக்கை முழுவதையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். அதனால் அனுப்புவதற்கு முன் எழுத்துப் பிழையைப் பார்ப்பதைவிட, பத்தியில் உள்ள எண்களைக் கால்குலேட்டரில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். பத்தியில் 9.2, அட்டவணையில் 9.3 என்று இருந்தால் கூட்டம் அந்த 0.1இலேயே முடிந்துபோகும்.

"இது தொடருமா" என்ற கேள்வியைப் பெரும்பாலான கணக்காளர்கள் எழுதாமல் விடுகிறார்கள். நடந்ததைச் சொல்வதுதான் நம் வேலை, வரப்போவது நிர்வாகத்தின் பாடு என்று ஒரு பழக்கம். ஆனால் 4.6 லட்சம் ஒருமுறைச் செலவு, 11 லட்சம் மாதா மாதம் வரப்போவது என்று பிரித்துச் சொல்ல உங்களைவிட வசதியான இடத்தில் யாரும் இல்லை. எனக்குக் கேட்டால், அறிக்கையில் மிக மதிப்புள்ள வரி அதுதான்.

இனி அந்த "3% குறைந்துள்ளது". இதைப் படிப்பவர் மூன்று விதமாக எடுத்துக்கொள்ளலாம். லாப விகிதம் 32இலிருந்து 29க்கு வந்தது 3 சதவீதப் புள்ளிகள். அந்த விகிதமே எவ்வளவு சரிந்தது என்று பார்த்தால் சுமார் 9.4%. மொத்த லாபத் தொகை 160இலிருந்து 150.8க்கு வந்தது 5.75%. மூன்றும் சரியான எண்கள். நீங்கள் எழுதிய வாக்கியத்தை நேராகப் படித்தால் லாபத் தொகை 3% குறைந்தது என்றுதான் பொருள் வரும், அது தவறு. சதவீதம் எழுதும்போதெல்லாம் எதில் சதவீதம், எதோடு ஒப்பிட்டு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இலக்கோடா, போன மாதத்தோடா, போன வருட ஜூனோடா? "மைனஸ் வித்தியாசம்" என்றும் எழுத வேண்டாம். செலவில் மைனஸ் நல்லது, வருமானத்தில் மைனஸ் கெட்டது. சாதகம், பாதகம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், 03/04 என்று தேதி போட்டால் சில நாடுகளில் அது ஏப்ரல் 3, சில நாடுகளில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதினால் தீர்ந்தது.

வேலை செய்த வரிசையில் எழுதுவது எல்லா இடத்திலும் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது: வேலைத்தாள்கள், அதாவது செய்த சரிபார்ப்புகளைப் பதிந்து கோப்பில் வைக்கும் ஆவணங்கள். தணிக்கை ஆவணங்களுக்கான சர்வதேசத் தரநிலை 230இல் ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அந்தத் தணிக்கையோடு முன்பின் தொடர்பில்லாத, அனுபவமுள்ள ஒரு ஆடிட்டர் அந்த ஆவணத்தை எடுத்துப் படித்தால், என்ன செய்யப்பட்டது, என்ன ஆதாரம் கிடைத்தது, என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பது அவருக்குப் புரிய வேண்டும். உங்கள் நாலு பக்கத்தை இந்த அளவுகோலில் வைத்தால் நன்றாகவே தேறும். அதை வீணாக்காமல் வேலைத்தாளாகக் கோப்பில் போடுங்கள். அறிக்கையைத் தனியாக எழுதுங்கள். வரித்துறை நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது வரிசை மறுபடி மாறும். அங்கே நீங்களாக எந்த வரிசையும் வைக்கக் கூடாது. நோட்டீசில் கேள்விகள் எந்த எண் வரிசையில் இருக்கிறதோ அப்படியே, கேட்டதற்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் எந்த ஆவணம் எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். கேட்காத கதையைச் சொன்னால் அதிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும்.

உள்தணிக்கைக் குறிப்பு கொஞ்சம் கஷ்டமானது, ஏனென்றால் அதைப் படிப்பவர் பெரும்பாலும் கோபத்தோடு படிப்பார். இந்தத் தொழிலில் வெகுகாலமாக ஐந்து கூறுகள் சொல்வார்கள்: எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கிறது, ஏன் அப்படி, அதனால் என்ன பாதிப்பு, என்ன செய்யலாம். நான் திருத்துகிற குறிப்புகளில் பெரும்பாலும் இரண்டாவதும் ஐந்தாவதும் மட்டும்தான் இருக்கும். "பல வவுச்சர்களில் ஒப்புதல் கையெழுத்து இல்லை. இனி கவனமாக இருக்க வேண்டும்." இதைப் படிக்கிற பிரிவுத் தலைவர் முதலில் கேட்பது "பல என்றால் எத்தனை?" என்பதாகத்தான் இருக்கும். "ஏப்ரல் மாதத்தில் ஒப்புதல் தேவைப்பட்ட வவுச்சர்களில் 40ஐ எடுத்துப் பார்த்தோம். 6இல் ஒப்புதல் கையெழுத்து இல்லை. ஆறும் மேலாளர் விடுப்பில் இருந்த வாரத்தில் பணம் கொடுத்தவை. விடுப்புக் காலத்தில் யார் ஒப்புதல் தருவது என்று விதிமுறையில் இல்லை" என்று எழுதினால் சண்டைக்கு இடமே இல்லை. காரணம் தெரிந்துவிட்டதால் பரிந்துரையும் தானாக வந்துவிடுகிறது: மாற்று ஒப்புதலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். "கவனமாக இருக்க வேண்டும்" என்ற பரிந்துரையை யாராலும் நிறைவேற்ற முடியாது, அடுத்த தணிக்கையில் சரிபார்க்கவும் முடியாது.

அந்த 40இல் 6ஐ 15% என்று மாற்றி, "15% வவுச்சர்களில் ஒப்புதல் இல்லை" என்று எழுதிவிடும் ஆசை வரும். வேண்டாம். நீங்களாக எடுத்த சின்ன மாதிரியை வைத்து மொத்த வவுச்சர்களையும் பற்றிப் பேசியதாகிவிடும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

செயப்பாட்டு வினை பற்றி இங்கே ஒரு வார்த்தை. "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதினால் யார் சரிபார்த்தார் என்பது மறைந்துபோகிறது. கணக்கில் அது சின்ன விஷயம் இல்லை, பொறுப்பே அதில்தான் இருக்கிறது. "வங்கி இருப்பை நான் வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டேன், சரக்கிருப்பைக் கிடங்குப் பிரிவு எண்ணித் தந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன்" என்று எழுதினால் எது உங்கள் சரிபார்ப்பு, எது அடுத்தவர் சொல் என்று படிப்பவருக்குத் தெரியும். மாறாக, குறையைச் சொல்லும்போது செயப்பாட்டு வினை கைகொடுக்கும். "இவர் கையெழுத்து வாங்கவில்லை" என்பதைவிட "கையெழுத்து பெறப்படவில்லை" என்பது ஆளை விட்டுவிட்டு வேலையைப் பார்க்க வைக்கும்.

எளிமையாக எழுதச் சொன்னால் கணக்காளர்கள் பயப்படுவார்கள், துல்லியம் போய்விடும் என்று. 1998இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களின் வெளியீட்டு ஆவணங்களை எளிய ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதன் முன்னுரையில் வாரன் பஃபெட், பங்குதாரர்களுக்கு ஆண்டறிக்கை எழுதும்போது தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொள்வேன் என்கிறார். அவர்கள் புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் நிபுணர்கள் அல்ல. உங்கள் நிர்வாக இயக்குநரும் அப்படித்தான்.

ஆனால் எளிமைப்படுத்தக் கூடாத சொற்கள் சில இருக்கின்றன. அவற்றில் கை வைத்தால் கணக்கே மாறிவிடும். "ப்ராபபிள்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 37இன்படி ஒரு பொறுப்பு, அதாவது பணம் கொடுக்க வேண்டிவரும் கடப்பாடு, "ப்ராபபிள்" என்றால் நடப்பதற்கான வாய்ப்பு நடக்காமல் போவதைவிட அதிகம். அப்படியானால், தொகையையும் நம்பகமாக மதிப்பிட முடிகிறபோது, கணக்கில் ஒதுக்கீடு (அந்தத் தொகையை இப்போதே கணக்கில் காட்டி ஒதுக்குவது) வைத்தாக வேண்டும். வெறும் "பாஸிபிள்" என்றால் பொதுவாக நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில் சொன்னால் போதும். அமெரிக்க விதிகளில் அதே "ப்ராபபிள்" என்ற சொல்லுக்கு வரம்பு இன்னும் உயரம். ஆக, வழக்கு ஒன்றைப் பற்றி மெயிலில் சும்மா ஒரு பேச்சுக்கு "ப்ராபபிள்" என்று எழுதினால், ஆடிட்டர் வந்து "ஒதுக்கீடு எங்கே?" என்று கேட்பார். "மெட்டீரியல்", "ரிவ்யூ", "ஆடிட்", "சர்டிஃபை" எல்லாம் இந்த வகைதான். ஆடிட்டைவிடக் குறைந்த அளவில் பார்க்கும் ரிவ்யூவைச் செய்துவிட்டு ஆடிட் செய்தோம் என்று எழுதினால், தராத உத்தரவாதத்தைத் தந்ததாகிவிடும். ஒரு சொல்லுக்குத் தரநிலையில் வரையறை இருந்தால் அந்தப் பொருளில் மட்டும் பயன்படுத்துங்கள். அழகுக்காக வேறு சொல் போட்டு மாற்றவும் வேண்டாம். ஒரு பத்தியில் "ஒதுக்கீடு", அடுத்த பத்தியில் அதையே "கையிருப்பு நிதி" என்று எழுதினால் இரண்டும் வேறு வேறு என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

பாக்கி கேட்டு எழுதும் கடிதத்தில் பணிவும் தெளிவும் ஒன்றோடொன்று மோதுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதனால் "தங்கள் மேலான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, தொகையையே சொல்லாமல் முடித்துவிடுவார்கள். இன்வாய்ஸ் எண், தேதி, தொகை, எப்போது வந்திருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கிறீர்கள், ஏதாவது தகராறு இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். முதல் கடிதத்தில், ஏற்கனவே அனுப்பியிருந்தால் பணம் கட்டிய விவரத்தைத் தெரிவிக்குமாறு ஒரு வரி சேருங்கள். பல சமயம் பணம் வந்து வேறு கணக்கில் பதிவாகியிருக்கும். மூன்றாவது கடிதத்தில் அந்த வரி தேவைப்படாது.

எதை எழுதினாலும், அது உங்களுக்குத் தெரியாத ஒருவர் கையில் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். மெயிலை ஃபார்வர்ட் செய்வார்கள், தணிக்கையில் எடுப்பார்கள், வழக்கு வந்தால் ஆதாரமாக வைப்பார்கள். "இது மோசடி மாதிரி தெரிகிறது" என்று எழுதுவதற்கும், "இரண்டு இன்வாய்ஸ்களில் ஒரே எண், ஒரே தொகை; இரண்டுக்கும் பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது; காரணம் இன்னும் விசாரிக்கவில்லை" என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. சந்தேகத்தை நேரில் சரியான ஆளிடம் சொல்லுங்கள். எழுத்தில் பார்த்ததை வையுங்கள்.

சரி, எப்படிக் கற்றுக்கொள்வது? உங்கள் ஆங்கிலம் தடை இல்லை. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் சுமாரான ஆங்கிலமே போதும், தவறும் குறையும். நான் எல்லோருக்கும் சொல்வது: உங்கள் அறிக்கைக்குப் பதிலாக வருகிற ஒவ்வொரு கேள்வியையும் ஒரு எக்செல் தாளில் எழுதி வையுங்கள். "எதோடு ஒப்பிட்டு?", "இது அடுத்த மாதமும் வருமா?", "இப்போது நான் என்ன செய்யணும்?" என்று சில மாதங்களில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். அடுத்த அறிக்கையை அனுப்பும் முன் அந்தப் பட்டியலுக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வகுப்பும் உங்கள் மேலாளரின் கேள்விகளை இவ்வளவு துல்லியமாகச் சொல்லித் தராது.

படித்துப் பழக நல்ல மாதிரி இலவசமாகக் கிடைக்கிறது. சர்வதேசத் தணிக்கைத் தரநிலைகளைப் பின்பற்றும் நாடுகளில், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆடிட்டர் அறிக்கையில் "முக்கியத் தணிக்கை விஷயங்கள்" என்று ஒரு பகுதி இருக்கும். தரநிலை 701 கொண்டுவந்தது அது, 2016 டிசம்பர் 15 அல்லது அதற்குப் பிறகு முடிந்த கணக்காண்டுகளிலிருந்து. ஒவ்வொரு விஷயத்துக்கும் இது ஏன் முக்கியம், தணிக்கையில் இதை எப்படிக் கையாண்டோம் என்ற இரண்டுக்கும் பதில் எழுதியாக வேண்டும். ஒரே துறையைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்களின் அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்று அந்த நிறுவனத்துக்கே உரிய எண்களோடும் காரணங்களோடும் பேசும். இன்னொன்றில் நிறுவனத்தின் பெயரை மாற்றினாலும் பொருந்துகிற பொது வாக்கியங்கள் இருக்கும். எது நல்ல எழுத்து என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வகுப்பில் சேர்வதாக இருந்தால் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: நீங்கள் எழுதிக் கொண்டுபோவதை அவர்கள் உட்கார்ந்து திருத்தித் தருவார்களா? ஆம் என்றால் சேருங்கள். இலக்கணப் பாடமும் மாதிரிக் கடிதங்களும் மட்டும்தான் என்றால் அந்த நேரத்தில் உங்கள் பழைய அறிக்கைகளில் ஐந்தை எடுத்து நீங்களே தலைகீழாக மாற்றி எழுதிப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி விஷயத்தில் முதல் கேள்வி ரகசியம். வாடிக்கையாளர் பெயர், சம்பள விவரம், வெளியிடாத முடிவுகள் ஆகியவற்றை நிறுவனம் அனுமதிக்காத செயலியில் ஒட்டுவது நம் தொழில் ஒழுக்க விதிகளுக்கு எதிரானது. பெயரும் எண்ணும் நீக்கிய வாக்கியத்தை மெருகேற்றப் பயன்படுத்தலாம். ஆனால் திரும்பி வந்ததை உங்கள் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். "குறையக்கூடும்" என்று நீங்கள் எழுதியது "குறையும்" என்று வந்திருக்கும், வாக்கியம் மட்டும் வழவழப்பாக இருக்கும். எந்த எண்ணுக்கு முதல் இடம் என்ற முடிவை அதனிடம் விடாதீர்கள். அது கணக்கு தெரிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு.

கடிதத்தின் அடியில் "ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு" என்று எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதினால் குற்றம் இல்லை, ஆனால் அதோடு நிற்காதீர்கள். இணைப்பில் ஒன்பது ஷீட் இருந்தால், "மூன்றாவது ஷீட்டில் விலைக் கணக்கீடு இருக்கிறது, அதை மட்டும் பார்த்தால் போதும்" என்று ஒரு வரி எழுதுங்கள். கோப்புக்கு "ஃபைனல்-2-புதுசு" என்று பெயர் வைக்காமல், மாதத்தையும் உள்ளடக்கத்தையும் வைத்துப் பெயரிடுங்கள். மெயிலின் தலைப்பில் "ஜூன் அறிக்கை" என்பதோடு "விலை முடிவு ஜூலை 15க்குள் தேவை" என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.